காக்கை துப்பறிந்த ஒன்பது சுவர்கள்

இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பொய் சொல்கிற ஆளைக் கட்டிக்கொள்வதில்லை. அதை வைத்தே இரண்டு வரன்களைக் கழித்துக்கட்டியிருந்தேன். முதலாமவர் சங்கீதம் என்றால் உயிர் என்றார். கல்யாணிக்கும் காம்போதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்தவர் தினமும் காலையில் கடற்கரையில் ஓடுவதாகச் சொன்னார். எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

மூன்றாவதாக வந்தவர் திருவான்மியூர்க்காரர். பார்த்த மாத்திரத்தில் குறை எதுவும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவரோடு ஒரு நடை போய்விட்டு வந்துதான் பதில் சொல்வேன் என்றேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, போயிட்டு வா. ஆனா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆமா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும். துணைக்குச் சித்தி வருவா."

நடப்பதற்கு இடமும் நானே வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருந்த சமயம். ஒரு பல்பொடிக் கம்பெனி லஸ் முனையில் ஆரம்பித்து அடையாறு பாலம் வரைக்கும் ஒன்பது காம்பவுண்டுச் சுவர்களில் ஒரு படக்கதையை வரைய வைத்திருந்தது. ஒரு சுவருக்கு ஒரு கட்டம். ராணியின் பல்செட் திருடுபோகிறது. மழைக்கோட்டு போட்ட ஒரு காக்கை துப்பறிகிறது. ஒவ்வொரு சுவரின் ஓரத்திலும் 'தொடரும்' என்று எழுதி, போக வேண்டிய திசையைக் காட்டும் ஒரு விரல்.

"நீங்க பாத்திருக்கேளா?" என்று கேட்டேன்.

"இல்லையே. நீங்க?"

"நானும் இல்லே. ரொம்ப நாளா ஆசை."

நான் நாலு தடவை நடந்து படித்தாயிற்று. ஆனால் அவர் நிஜமாகவே ரசிக்கிறாரா, என்னை மயக்க ரசிக்கிற மாதிரி நடிக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டாமா? என்னுடையது பொய்யில்லை, பரீட்சை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

முதல் சுவரிலேயே சித்தி மூக்கில் விரல் வைத்தாள். "என்னடி இது, காக்கா சிகரெட் பிடிக்கறதா? வாயிலேர்ந்து புகை புகையா வரதே!"

"அது புகை இல்லே மாமி, காக்கா பேசறது. உள்ளே எழுதியிருக்கு பாருங்கோ" என்று அவர் பொறுமையாக விளக்கினார். மந்தைவெளியில் ஒரு டீக்கடை பெஞ்சு வசனத்தை மறைத்தது. அங்கே உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்சம் குனியச் சொல்லிவிட்டு, முழு வசனத்தையும் காக்கைக் குரலிலேயே சித்திக்கு வாசித்துக் காட்டினார். டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அதைவிடப் பிடித்தது வேறொன்று. மூன்றாவது சுவரிலேயே அவர், "அந்த ஆட்டைப் பாருங்கோ, அரண்மனைப் பல் வைத்தியர். முழியே சரியில்லே. அதுதான் திருடன்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். முதல் தடவை படித்தபோது நான் ஆறாவது சுவர் வரைக்கும் சமையல்காரப் பூனையைத்தான் சந்தேகப்பட்டேன். மனுஷனுக்கு மூளையும் இருக்கிறதே என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

ஏழாவது சுவரைக் காணோம். சுவர் இருந்தது, கதை இல்லை. ஏணியில் நின்று ஒருவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்த பாதியில், 'இந்தச் சுவர் தேர்தல் வரை முன்பதிவு' என்று ஒரு கட்சியின் பெயரோடு எழுதியிருந்தது. ஒன்பதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. "ஐயோ!" என்றேன். அது மட்டும் நடிப்பில்லை.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "வருத்தப்படாதீங்கோ. இதுல பெரிசா ஒண்ணுமில்லே. ஆடு கிணத்துக்குள்ள ஒளிஞ்சுண்டிருக்கும், காக்கா மேலேர்ந்து எட்டிப் பாக்கும். அவ்வளவுதான்."

"கிணறு இல்லே, தண்ணித் தொட்டி" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரும் அப்போதுதான் விழித்தார். சித்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க பாத்ததே இல்லேன்னேளே?" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆபீசுக்கு இந்த வழியாத்தான் பஸ். எங்க பக்கத்துலேர்ந்து வந்தா முதல் சுவர்லேயே ஆடு கையில விலங்கோட நிக்கும். லஸ்ஸுக்கு வந்தப்புறம்தான் ராணிக்குப் பல்லு போகும். நான் முழுக் கதையையும் தலைகீழாத்தான் படிச்சேன்."

"அப்போ முழி சரியில்லேன்னு கண்டுபிடிச்சது?"

"அது... கொஞ்சம் அலட்டிண்டேன்." காது சிவந்துபோயிற்று. "நீங்க எத்தனை தடவை?"

"நாலு."

"நாலு தடவை பாத்துமா கிணறுன்னு தெரியலே?"

"தொட்டி!"

"கிணறு!"

ஏணியில் இருந்தவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டார். "இன்னா சார், நடுரோட்ல அட்ச்சிக்கினு கீறீங்க? அத்த வரைஞ்சதே நாந்தான். கெணறும் இல்ல, தொட்டியும் இல்ல. அது இட்லி அண்டா."

"நீங்க வரைஞ்சதை நீங்களே அழிக்கறேளே!" என்றேன்.

"அன்னிக்கு வரையச் சொன்னாங்கோ, இன்னிக்கு அழிக்கச் சொல்றாங்கோ. நல்லா கீதுன்னு நீங்க அன்னிக்கே வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கணும்மா" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. நாலு தடவை வந்தும் அவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர்தான், அந்தத் திருவான்மியூர்க்காரர், ஏணிக்குக் கீழே போய் நின்று, "ஆட்டோட முழி பிரமாதம்" என்று சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்திம்பேர், ரெண்டும் வாயைத் திறந்தா பொய்! வழி பூரா பொய்!"

அப்பா பெருமூச்சு விட்டார். "அப்போ இதுவும் இல்லேன்னு சொல்லிடறேன்" என்று டெலிபோனை எடுத்தார்.

நான் பாய்ந்துபோய் ரிசீவரைப் பிடித்துக்கொண்டேன். "ஆமான்னு சொல்லுங்கோப்பா."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதாவது நிஜமாடி?"

"நிஜம்ப்பா" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. ரிசீவரை மட்டும் நான் விடவில்லை.