ஆறு பெட்டிக்கு ஒரு ரிசீவர்

குத்தாலத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தலில் எனக்குக் கிடைத்த இடம் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தாள அடிக்கும் இலையில் இருந்த அப்பளம் ஓர் அங்குலம் நகர்ந்தது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு மட்டும், இதை வீட்டுக்குள் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது.

வீட்டில் இருந்த ஒரே காலி அறை, நெல் மூட்டை அடுக்கும் அறை. குறுவை அறுவடை வரை அது சும்மாதான் கிடக்கும். அதைப் படம் பார்க்கும் அறையாக்கிக்கொள்ளவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம ஒரு படம் போட்டுக் காட்டுடி. முழுசா ஓடுச்சுன்னா ரூம் ஒனக்கு, மூட்டைய கூடத்துல அடுக்கிக்கறேன். நடுவுல நின்னுச்சு, ஒயரச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பிடணும்.”

என் சம்பளத்துக்கு எட்டியது விலை குறைந்த ரிசீவர்தான். படத்தின் சத்தத்தைப் பிரித்து, பலம் கூட்டி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி அது. அட்டையில் ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் வேறு கதை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் தொங்கும் பட்டங்களைப் படிப்பது போலத்தான் அதையும் படிக்க வேண்டும். நான் அட்டையை நம்பினேன்.

ஸ்பீக்கருக்கு சித்தப்பா இருந்தார். மைக்செட் தொழில். ஆறு பெட்டிகளோடு மினி வேனில் வந்து இறங்கினார்.

“ரெண்டு போதாதா சித்தப்பா?”

“ரெண்டா? எழவு வீட்டுக்கே நாலு கட்டுவேன். ஒரே ஆம்ப்ளிஃபையர்ல பன்னெண்டு கொழாய் ஸ்பீக்கர் மாட்டி மூணு தெருவ எழுப்புனவன் நான்.”

திருவிழாக் குழாய்களைக் கோப்பது போலவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் இழுத்து, பக்கத்துக்கு மூன்று பெட்டி மாட்டினார். ரிசீவரின் முதுகில் மின்தடை ஆறு ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பெட்டியும் எட்டு ஓம். எலக்ட்ரிக்கல் படித்துப் பட்டம் வாங்கிய நான், எட்டு ஆறைவிடப் பெரியது என்ற நிம்மதியில் ஒயர் சீவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பித்தது. வசனக் காட்சிகள் வரை ஒழுங்காக ஓடியது. முதல் சண்டையில், முதல் குத்தில், டக். சிவப்பு விளக்கு மட்டும் கண்ணடித்தது.

“வில்லன் செத்துட்டானா?” என்றார் அப்பா.

“ரிசீவர் படுத்துருச்சுப்பா.”

மறுபடி போட்டேன். மறுபடி அதே குத்து, அதே டக். அம்மா எழுந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் முதல் செமஸ்டர் ஞாபகம் வந்தது. எட்டு ஓம் பெட்டி மூன்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் ரிசீவருக்குத் தெரிவது மூன்று ஓம்கூட இல்லை; தடை குறைந்தால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும், தாங்காமல் தானே அணைந்துவிடும். திருவிழாக் குழாய்க்குள் அதற்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, பன்னிரண்டு என்றாலும் தாங்கும். இந்தப் பெட்டிகளில் அது கிடையாது.

அப்பாவுக்கு அவர் பாஷையில் சொன்னேன். “சின்ன வாய்க்காப்பா இது. மூணு மடையையும் ஒண்ணா தொறந்துட்டோம்.”

“அப்ப மொற வச்சு வுடு. காலைல பாட்டு, சாயங்காலம் சண்ட.”

நான்கு பெட்டிகளைக் கழற்றினேன். மிச்சம் பக்கத்துக்கு ஒன்று. பந்தலுக்குச் செய்த பெட்டிகள், கொஞ்சம் வாட் கொடுத்தாலே கத்தும். சண்டை முழுதாக ஓடியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சித்தப்பாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. “ரெண்டுல இவ்ளோ வருதா? இத வெளில சொல்லிடாத, யாரும் ஆறு எடுக்க மாட்டான்.”

அம்மா மசியவில்லை. “நடுவுல நின்னுச்சுல்ல? ரெண்டு தடவ. அதோட ஒரு வார்த்த புரியல. கெணத்துக்குள்ளேருந்து பேசறானுவ. மூட்ட வந்ததும் எல்லாத்தயும் எடுத்துடணும்.”

அறுவடை வந்தது. மூட்டைகள் வந்தன. பின்சுவர் முழுக்க உத்தரம் வரை அடுக்கினார்கள். பெட்டிகளை எடுக்கப் போனவள், கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எதிரொலியைக் காணோம்; மூட்டைகள் குடித்துவிட்டிருந்தன. வாசலில் முறத்தோடு நின்ற அம்மா, “இப்பதான் பேசறது புரியுது” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

நெல் கொள்முதல் நிலையம் திறந்ததும் மூட்டைகள் போய்விடும். அதற்குள் எதிரொலியை அளக்க வேண்டும்: இரண்டு மூலைக்கும் சேர்த்து நான்கு, பின்சுவருக்கு எட்டு என்று பன்னிரண்டு மூட்டை நின்றால் போதுமா என்று. போதுமென்றால், விதைநெல் மூட்டைகளை இங்கேயே வைக்கலாம் என்று நாளைக் காலை காபி நேரத்தில் பேச்சை எடுக்கப் போகிறேன். எலி வரும் என்பார் அம்மா. எலியை விரட்டத்தான் ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதே.