ஒரே அச்சில் வார்த்த இரண்டு கைகள்

இது கட்டுக்கதை இல்லை. என் சித்திக்கு நடந்தது. சித்திக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "கரண்ட் பில்லுல பங்கு குடுக்குமா? குடுத்தா வரச் சொல்லு" என்று வாயை அடைத்துவிடுவாள். ரேடியோ ரிப்பேர் கடையைத் தனி ஆளாக நடத்துகிறவளுக்கு அந்த வாய் இல்லாமல் முடியாது. அப்படிப்பட்டவள், அன்றிலிருந்து மத்தியானத்தில் கடையில் தனியாக உட்காருவதில்லை.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தபடியே பேசி ரெக்கார்டு வெட்டும் பழைய மெஷின். தையல் மெஷின் செய்த உள்ளூர்க் கம்பெனி ஒன்று நாலைந்து வருஷம் இதையும் செய்து பார்த்துவிட்டு இழுத்து மூடியது. பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. மெஷினில் இரண்டு கை உண்டு. ஒன்று ரெக்கார்டுத் தட்டில் கோடு வெட்டும். மற்றது வெட்டிய கோட்டைப் பாடவைக்கும். மற்ற கம்பெனிக்காரர்கள் ஒன்றைத் தடியாகவும் ஒன்றை ஒல்லியாகவும் செய்வார்கள். இந்த மகராசர்கள் சிக்கனம் பிடித்து இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள்.

கூடவே ஒரே ஒரு தட்டு. அதில் அவருடைய மகளின் குரல். அப்போது ஐந்து வயது.

"பாடச் சொன்னேன் தங்கச்சி. 'அம்மா வந்தாத்தான் பாடுவேன்'னு அடம் புடிச்சா. அவ்வளவுதான் இதுல இருக்கு. அவங்கம்மா நர்ஸு. அன்னிக்கு நைட் டூட்டி. அடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல்..."

அந்தக் காய்ச்சலிலேயே பிள்ளை போய்விட்டது.

முப்பது வருஷமாக மனைவி அதைக் கேட்க மறுத்துவந்தாள். 'அவ கூப்பிடுவா, என்னால பதில் சொல்ல முடியாதே' என்பாளாம். இப்போது பக்கவாதம். பேச்சு போய் நாலு மாசம். டாக்டர் கைவிரித்துவிட்டார். முந்தின நாள் முழுக்க அலமாரியையே கைகாட்டிக்கொண்டிருந்தாளாம். திறந்து பார்த்தால் இந்தத் தட்டு.

"ஒரே ஒரு தடவ அவ கேட்டுட்டாப் போதும்."

சித்தி பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்கண்ணே. பாட வெச்சுத் தரேன்."

மறுநாள் மத்தியானம், ஒன்றே முக்கால். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. சித்தி புது பெல்ட் மாட்டினாள். மெஷினோடு வந்த மைக்கை, ஒயரைக் கழற்றாமலே மேஜைமேல் ஒதுக்கிவைத்தாள். தட்டை வைத்து, கையை இறக்கினாள்.

தட்டு சுற்றியது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. ஆனால் சத்தம் காட்டும் மீட்டர் முள் துள்ளியது. யாரோ பேசினால் துள்ளுகிற மாதிரி... நின்று நின்று.

குரல் வருகிறது, ஸ்பீக்கர்தான் போச்சு என்று நினைத்தாள். பின்மூடியைக் கழற்றி ஒயரை நோண்டினாள்.

சர்ர்ர்ர்...

நிமிர்ந்தாள். தட்டின்மேல் கறுப்பாக, சுருள் சுருளாக ஏதோ. தலைமுடியா? தொட்டுப் பார்த்தாள். முடி இல்லை. தட்டிலிருந்து சீவி வந்த நூல்.

ஐயோ! இறக்கியது வெட்டும் கை.

அதைத் தூக்குவதற்குள் ஊசி கடைசிவரை போய்விட்டது. அந்தக் குழந்தையின் குரல் மேஜைமேல் குப்பையாகக் கிடந்தது. சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் உறைத்தது. வெட்டும்போது முள் துள்ளுவது மைக்கில் விழும் சத்தத்துக்குத்தான்.

கடையில் யார் பேசினார்கள்?

மேஜைமேல் வைத்த மைக் இப்போது கீழே, முக்காலியில் இருந்தது. சின்னப் பிள்ளையின் வாய் எட்டும் உயரம்.

மைக் வலை ஈரமாக இருந்தது...

டிரைவர் வந்தார். வீடு ஒரு மணி நேர பஸ் தூரம். சித்தி எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுப் பாரு தங்கச்சி. ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

இந்தத் தடவை சரியான கை.

உஸ்ஸ்ஸ்...

"வந்துட்டேன்டி. பாடு."

ஒரு பெண் குரல். வயதான குரல்.

பிறகு ஒரு குழந்தை பாடியது. தப்பும் தவறுமாக, சிரித்துச் சிரித்து, முழுப் பாட்டையும்.

"அன்னிக்கு இவ பாடவே இல்லையே..." அவர் எழுந்துவிட்டார். "அந்தக் குரல்... அது என் வீட்டுக்காரி."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. பாட்டு முடிந்தது.

"அப்பா வரலயாம்மா?"

"மெதுவா வரட்டும்."

சித்தி கையைத் தூக்கிவிட்டாள்.

சாவுச் சேதி கேட்டு, மறுநாள் காலையில் சித்தி துக்கம் விசாரிக்கப் போனாள். டிரைவர் தன் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குத் துணையாக வந்துபோகும் பக்கத்து வீட்டுப் பெண் சித்தியை வாசலுக்கு அழைத்தாள்.

"அண்ணன் உங்க கடைக்குக் கிளம்புனதுல இருந்து நான்தான்க்கா கூட இருந்தேன். நாலு மாசமா சத்தமே வராத வாய்... ஒன்னே முக்கால் இருக்கும். 'வந்துட்டேன்டி, பாடு'ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே கிடந்தாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூச்சு நிக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னாங்க. 'மெதுவா வரட்டும்'னு. யாரச் சொன்னாங்கன்னுதான் எனக்குப் புரியலக்கா."