துடைத்த இடம் வேர்க்க வேண்டும்

செவ்வாய்க்கிழமை காளவாசலில் குதிரைக்குக் கொள்ளு வாங்கிக்கொண்டிருந்தேன். மச்சினன் பாண்டி போன் செய்தான். "மச்சான், குதிரை டாக்டர் செல்வராசு போயிட்டாராம்."

கடைக்காரர் அளப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழமை பந்தயத்துக்குப் புளியமரத்துல யாரு நிப்பா?"

எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். அழுகை பிறகுதான் வந்தது.

எங்கள் நெடுந்தூரப் பந்தயத்தில், உசிலம்பட்டிச் சாலையில் பாதி வழியில், எல்லாக் குதிரைகளும் நின்றாக வேண்டும். அந்தப் புளியமரத்தடியில் டாக்டர் சோதித்துத் தலையசைத்தால்தான் மிச்சத் தூரம். மந்திரி வீட்டுக் குதிரையானாலும் அதே சட்டம். "குதிரை எங்கிட்டப் பொய் சொல்லாது. நீங்கதான் சொல்லுவீங்க" என்பார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனாலும் குதிரை விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்காத ஆள் மாட்டுத்தாவணி முதல் தேனி எல்லை வரை கிடையாது. என் குதிரை கருப்பாயி ஓடினால் பஸ் டிரைவர்கள் ஓரம் கட்டிக் கும்பிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரைப் பந்தயத்தில் நான்தான் முதலில் வந்துகொண்டிருந்தேன். சாலையில் காக்கைகூட இல்லை. கருப்பாயியின் கழுத்தில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த வெயிலில் குதிரை வேர்ப்பதை நிறுத்தினால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தெருக்குழாயில் நிறுத்தி, வேர்வை போலத் தெரியட்டும் என்று இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினேன்.

புளியமரத்தடியில் டாக்டர் கருப்பாயியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோள் துண்டை எடுத்துக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்தார்.

"சார், முதல்ல வந்திருக்கேன். விடுங்க."

"இருப்பா. துடைச்ச எடம் வேர்க்கட்டும், போகலாம்."

"அம்புட்டு வேர்வை கொட்டுதே, தெரியலையா?"

"கொட்டுது, கொட்டுது. குழாய்த் தண்ணி வாசம்ல அடிக்குது."

நின்றோம். பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாகச் சோதனை முடிந்து போயின. துடைத்த இடம் காய்ந்தே கிடந்தது. கருப்பாயியின் பின்னங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "இவ விழுந்தா நீ எந்தப் பக்கம் குதிப்ப?"

நான் சேணத்தை அவிழ்த்தேன். சாயங்காலம் வரை நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி விசிறினோம். பொழுது சாயும்போது அந்த இடத்தில் பொடிப்பொடியாக வேர்வை அரும்பியது. அதன் பிறகுதான் டாக்டர் உட்கார்ந்தார்.

ஊருக்கு வந்து, டாக்டர் கெஞ்சிக் கேட்டதால் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லி வைத்தேன். அவர் காதுக்கும் அது போயிருக்கும். கடைசி வரை மறுக்கவில்லை. உண்மையை இன்றுதான் எழுதுகிறேன்.

நேற்றுப் பாண்டி உற்சாகமாக வந்தான். "டாக்டர் இல்லாததால இந்த வருசம் நடுவுல நிக்க வேணாமாம் மச்சான். ஒரே ஓட்டம்தான். கருப்பாயி ஜெயிச்சிருவா."

அன்றைய சித்திரையைவிட இது கடுமையான வெயில். நேற்றே நான்கு குதிரைகள் பழக்க ஓட்டத்தில் எங்கள் தெருவைக் கடந்தன. அவற்றில் ஒன்றின் கழுத்து காய்ந்திருந்தது. ஓட்டியவன் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான்.

அன்று விசிறுவதற்கு வாங்கிய டாக்டரின் துண்டை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கருப்பாயி கொட்டகையில் இருப்பாள். நான் துண்டோடு புளியமரத்தடியில் நிற்பேன். இத்தனை காலம் அளந்துவிட்டவன் பேச்சைக் கேட்டு யார் குதிரையை நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை. துடைத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.