ஏரியில் சொன்ன ‘போட்டு வாறன்’

இது நடந்த கதை. நம்பாதவர்கள் டிலானியின் கைப்பைக்குள் இருக்கும் ரயில் ரிக்கற்றை வாங்கிப் பார்க்கலாம். பாரிஸ் லா ஷப்பலில் அவள் வேலை செய்கிற சேலைக்கடை எல்லோருக்கும் தெரிந்த கடைதான். சாயம் போகிற சேலையைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்கிறவள் அவள். முதலாளிக்கு அதில் தீராத கவலை. அப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லி என்னத்தைக் காணப் போகிறாள்?

அவளுடைய தம்பி அலெக்சிஸ், பின்லாந்தின் வடக்கு மூலையில், ஒரு பெரிய ஏரிக்கரை விடுதியில் கோப்பை கழுவப் போனவன். நவம்பரில் ஒருநாள், புதிதாக உறைந்த ஏரியின்மேல் நடந்தான். காலடிகள் பாதித் தூரம் போயிருந்தன. அதற்கப்பால் இல்லை. எவ்வளவு தேடியும் உடல் கிடைக்கவில்லை.

பாரிசுக்குப் பக்கத்தில், எபினேயில் இருந்த அம்மா மரியகொறற்றி பூசை வைக்க விடவில்லை.

“உடம்பைக் காணாமல் செத்தவனெண்டு பூசை வைக்கேலாது. நீ போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா.”

இரண்டு மாதமாக இதே பேச்சு. அம்மா அழவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து சொன்னாலாவது அம்மா நம்பி அழுது தீர்ப்பாள் என்று டிலானி நினைத்தாள். அதற்காகத்தான் தை மாதம் விமானம் ஏறினாள்.

அங்கே துருவமான் மேய்க்கும் மக்களுக்குச் ‘சாமி’ என்று பெயர். அம்மா அதைப் போனில் கேட்டு, யாரோ குருவானவர் என்று நினைத்து, “தோத்திரம் சொன்னனெண்டு சொல்லு” என்றாள். டிலானியைக் கூட்டிப்போன சாமி, இங்கா என்ற அறுபது வயதுப் பெண். அதிகம் பேசமாட்டாள். பனியில் கிடக்கும் தடத்தை நாங்கள் பேப்பர் வாசிப்பதுபோல வாசிப்பாள். அலெக்சிஸின் காலடி முடிந்த இடத்தைக் கண்டதும் அவள்தான்.

சூரியன் எழும்பாத காலம். பகல் இரண்டு மணிக்கே இருட்டு. பேய் அங்கே நடுச்சாமம்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1:40. இங்காவின் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு சறுக்குவண்டி. அதில் ஆறு மூட்டை தீனி. நடு ஏரியில் இருந்த தீவில் இறக்கியதும் மான்கள் ஓடிவந்து மொய்த்தன. பிறகு வெறும் வண்டியோடு, காலடி முடிந்த அந்த இடத்துக்குப் போனார்கள். சில மான்கள் பின்னாலேயே வந்தன. ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன.

2:10. டிலானி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். காற்றே இல்லை. ஆனாலும் சுவாலை கீழே, பனிக்கட்டியைப் பார்த்துக் குனிந்தது.

செபம் சொன்னாள். அழுதாள். எழுந்தாள்.

“தம்பி, போட்டு வாறன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்தவீட்டில் யாரும் விடைபெறுவதில்லை. சொல்லாமல் எழும்பிப் போவதுதான் எங்கள் வழக்கம். பழகிய வாய்... வந்துவிட்டது.

டொக்.

காலுக்குக் கீழே.

டொக்... டொக்.

உறைந்த ஏரி சத்தம் போடும் என்று இங்கா சொல்லியிருந்தாள். டிலானி அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு, காதோடு...

“நானும் வாறன், அக்கா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிப்போய் இங்காவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

2:31. இங்கா ஸ்கூட்டரை நிறுத்தினாள். டோர்ச் அடித்துப் பின்னால் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“வண்டியில் என்ன ஏற்றினாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஒன்றுமில்லை.”

இங்கா தடத்தைக் காட்டினாள். ஆறு மூட்டையோடு வந்த தடம் ஒரு விரல் ஆழம். வெறும் வண்டியின் தடம்... நான்கு விரல்.



அடுத்தநாள் மாலை பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கினால், நவிகோவைக் காணவில்லை. அவளுடைய படம் போட்ட பயண அட்டை. பையைக் கவிழ்த்துக் கொட்டியும் இல்லை. ரிக்கற் எடுத்து ரயிலுக்குள் போனாள். ரிக்கற்றில் நேரம் 18:41.

எபினேயில் கதவைத் திறந்த அம்மா, அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தாள். அன்றிரவு அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள், பின்லாந்தில் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புது அட்டைக்குப் போனபோது, கவுண்டரில் இருந்தவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

“பின்லாந்தில் தொலையவில்லை, மதாம். நேற்று விமான நிலைய ரயில் வாசலில் அட்டையை அடித்து உள்ளே போயிருக்கிறீர்கள். 18:42.”

யாராவது கண்டெடுத்திருப்பார்கள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

யூன் மாதம் பனிக்கட்டி உருகியது. அலெக்சிஸ் ஏரியில் கிடைத்தான். லா ஷப்பலில் பாதிப்பேர் பூசைக்கு வந்தார்கள். மயானத்தில் டிலானி வாயே திறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பின்லாந்துப் பொலிஸ் ஒரு பொதி அனுப்பியது. அவனுடைய ஜாக்கெற்றுக்குள் இருந்தவை. சிப் பூட்டியபடி இருந்த உள்பையை அவர்கள்தான் திறந்தார்களாம்.

ஒரு செபமாலை. விடுதி அறைத் திறப்பு.

டிலானியின் நவிகோ.

அம்மா அட்டையை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ரிக்கற் இல்லாமல் அவன் எப்பிடி வாறது, பிள்ளை?”