கேள்வியம்மாவும் பத்துச் சொற்களும்

பதினொரு வருடங்களாக ஒரு பெண்மணியிடம் ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று காத்துக் கிடந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்குத்தான் சம்பளம். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு ஹெட்போன், ஒரு சிவப்புப் பேனா. கள ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்துகொண்டு வரும் பேட்டிகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்பேன். விதி மீறியிருந்தால் சுழிப்பேன். அலுவலகத்தில் என் பெயரே சிவப்புப் பேனா. என் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது, யாருக்கு அதிகம் வருகிறது, வந்தவர்களுக்கு ஞாபகமும் சேர்ந்து தேய்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போக வேண்டும். துணை இருக்கிறதா, போய்விட்டதா, காது கேட்கிறதா, தூக்கம் வருகிறதா, சர்க்கரை உண்டா, மனம் விட்டுப் பேச ஓர் ஆளாவது உண்டா என்று கேட்க வேண்டும். நடுவில் பத்துச் சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கால் மணி நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்தப் பத்தையும் மறுபடி கேட்க வேண்டும். வாசிக்கும்போது குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. பதில் வரும்போது "ம்ம்" கொட்டக் கூடாது. எடுத்துக் கொடுக்கக் கூடாது. எத்தனை சரி என்று எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது.

சொல்வதற்கு என்ன, எளிதுதான். எதிரில் ஒரு பெரியவர் வார்த்தை கிடைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரியும். எங்கள் ஆட்களில் ஒருவர் "கு... கு..." என்று எடுத்துக் கொடுத்து என்னிடம் மாட்டினார். இன்னொருவர் "சபாஷ்!" என்றே கத்திவிட்டார். மாட்டாதது கேள்வியம்மா ஒருவர்தான்.

அது தெருக்காரர்கள் வைத்த பெயர். தோளில் பை, கையில் அட்டை, காலில் தேய்ந்த செருப்பு, மேலே வெயில் என்று இந்தப் பெண்மணி முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு நடந்திருக்கிறார். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, "மூணாவது வார்த்தையை இன்னும் அழுத்திச் சொல்லணும்மா" என்று இவருக்கே பாடம் எடுத்திருக்கிறார். தனியாக இருந்த ஒரு தாத்தாவிடம், கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்ததா என்று கேட்டதற்கு, "நீ வர்றேன்னு சொன்ன நாள்லேர்ந்து நல்லாத்தான் இருக்கேன். இதை எந்தக் கட்டத்துல போடுவே?" என்றார். அந்தப் பதிவை நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். கேள்வியம்மா ஒரு விநாடி நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கல் மாதிரி மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் பெரிய டாக்டர் பயிற்சி வகுப்பில் ஒன்று சொல்வார். மனச்சோர்வில் இருப்பவருக்கும் ஞாபகம் தடுமாறும். மூளையே தேய்கிற நோய் வந்தவருக்கும் தடுமாறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதல் ஆளைக் கேட்டால் பெரும்பாலும் "தெரியல" என்பார். இரண்டாவது ஆள் தயங்காமல் ஒரு தப்பான பதிலைச் சொல்வார். முதல் ஆளை மருந்தும் பேச்சும் திருப்பிக் கொண்டுவரக்கூடும். இரண்டாவது ஆளுக்கு அந்த நம்பிக்கை குறைவு. "இது ஒரு தடயம்தான், தீர்ப்பு கிடையாது, ரெண்டும் சேர்ந்தும் வரும்" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அந்தப் பாதியை யார் காதில் வாங்கினார்கள்? படிவத்தில் அதனால்தான் "தெரியாது" என்றும் "தவறு" என்றும் தனித்தனிக் கட்டங்கள்.

போன வருடம் ஒருநாள் பகல் தேநீர் வேளையில் கேள்வியம்மா என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக யாரும் உட்கார மாட்டார்கள்.

"சார், ‘தெரியல’ன்னு சொல்றவங்க நம்ம பதிவுல எத்தனை பேர் தேறி வந்திருக்காங்க?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

சும்மாதான் என்று கேட்கிற பெண்மணியா அவர்? நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அப்போதுதான் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார்.

அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிற ஆள். கேள்வியம்மா இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்த நாட்களில், அவரைத்தான் பரீட்சைக்கு உட்கார வைத்தாராம். மாலையில் அவர் மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். இவர் சமையலறை வாசலில் நின்று பட்டியலை வாசிப்பார். பாலம், குதிரை, சீப்பு, தபால், ஏணி, மழை, பொத்தான், பூனை, கண்ணாடி, சாவி. அந்த மனுஷன் பத்தையும் கோத்து ஒரு கதை கட்டிவிட்டார்.

"பாலத்துல நின்ன குதிரை சீப்பு வேணும்னு தபால் போட்டுச்சாம். தபால்காரர் ஏணி வச்சு ஏறுறதுக்குள்ள மழை புடிச்சு, சட்டைப் பொத்தான் அறுந்து, அதைப் பாத்துப் பூனை சிரிச்சு, கண்ணாடி உடைஞ்சு, கடைசில வீட்டுச் சாவியும் தொலைஞ்சு போச்சாம். எத்தனை மார்க்?"

"சொல்லக் கூடாதுங்க. ரூல்."

"கட்டின புருஷனுக்குமா ரூல்?"

"யாருக்கும் மார்க் சொல்லக் கூடாது."

தினமும் இதே கூத்து. வேலையில் சேர்ந்த பிறகு கேள்வி மாறியது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எத்தனை வீடு?" என்பாராம். ஒவ்வொரு வீடாக, பேரும் விலாசமும் இல்லாமல், இவர் சொல்ல வேண்டும். தலைமையாசிரியையை நினைத்து நினைத்து அவர் ஒரு வாரம் சிரித்தாராம்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு பேச்சு குறைந்தது. போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டார். பிறகு இஸ்திரியே போடவில்லை. கட்டிலின் ஓரத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கேஸை அணைத்தீர்களா, மகள் போன் பண்ணினாளா என்று எதைக் கேட்டாலும் "தெரியல". எத்தனை வீடு என்ற கேள்வி என்றைக்கு நின்றது என்று இவருக்குத் தேதி தெரியவில்லை. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே பத்து விநாடி நிற்பாராம். விதிப்படி பத்து விநாடி. அப்புறம் இன்னொரு பத்து.

"நாள் பூரா நான்தான் சார் கேக்கறேன். வீட்டுக்குப் போனா என்னை யாராவது ஒண்ணு கேக்க மாட்டாங்களான்னு இருக்கு. ‘ஏன்டி இவ்வளவு லேட்டு’ன்னு கோவமாக் கேட்டாக்கூடப் போதும். ரெண்டு வருஷமாச்சு சார், அவர் வாயிலேர்ந்து ஒரு கேள்வி வந்து."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நம்ம மேல்மாடி டாக்டரம்மாகிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"காட்டணும். பயமா இருக்கு." அவர் தேநீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "மனசுதான் சரியில்லன்னு வரணும் சார். துக்கத்துல இருக்கார்னு வந்துட்டாப் போதும். மீதியை நான் பாத்துக்குவேன்."

புருஷன் துக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஏங்கிய மனைவியை நான் அதுவரை பார்த்ததில்லை. கல் என்று நினைத்தேனே, அதற்காக என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இன்னும் நாலு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் நிலையத்தின் மேல்மாடியிலேயே ஞாபகச் சோதனைக்கு ஓர் அறை உண்டு. அங்கே நடப்பதெல்லாம் பதிவாகி, எண் மட்டும் போட்டு, படிவம் நிரப்ப என் மேசைக்கு வரும். அந்த வாரம் வந்த ஒரு பதிவைத் திறந்தேன். உடன் வந்தவர் பின் நாற்காலியில் பேசாமல் உட்கார வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, "சரிங்க டாக்டர்" என்றது கேள்வியம்மாவின் குரல். தெரிந்தவருடைய பதிவு என்பதால் முறைப்படி அதை நான் பக்கத்து மேசைக்குத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை.

டாக்டரம்மா தேதி கேட்டார். "தெரியல." கிழமை? "தெரியல." பத்துச் சொற்களை வாசித்தார். இப்போதைய பட்டியல்: முயல், கதவு, எலுமிச்சை என்று போகும். ஒரே பட்டியலை வருடக்கணக்கில் வாசித்தால் ஆட்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் என்று பழையதை எப்போதோ மாற்றிவிட்டோம். திருப்பிச் சொல்லுங்கள் என்றார். "தெரியல." ஒன்றுகூட ஞாபகம் இல்லையா? "தெரியலம்மா." ஒவ்வொரு தெரியலைக்கும் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் யார் பதில் தெரியாமல் விழித்ததற்கும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. போடுங்க ஐயா, இன்னொரு தெரியல போடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கால் மணி கழிந்தது. "முன்னாடி பத்து வார்த்தை சொன்னேனே, இப்ப ஏதாவது ஞாபகம் வருதா?"

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு, "பாலம்" என்றார்.

பட்டியலில் பாலம் இல்லை. என் கை நின்றுவிட்டது. அவரும் நின்றார். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "குதிரை" என்றார். அதன்பின் தடையில்லை. சீப்பு, தபால், ஏணி, மழை, பொத்தான், பூனை, கண்ணாடி, சாவி. ஒரு பஸ் பின்னால் இன்னொரு பஸ் கிளம்புகிற மாதிரி வரிசை தப்பாமல் வந்தன. டாக்டரம்மாவுக்கு அந்தப் பழைய பட்டியல் தெரியாது. அவர் சேர்ந்தே மூன்று வருடம்தான். "சரிங்க" என்று எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரியும். ஆனாலும் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. சரி: பூஜ்யம். தவறு: பத்து. எழுதிவிட்டு, மேற்கொண்டு கேட்க மனமில்லாமல் பதிவை நிறுத்தினேன்.

மறுநாள் காலை, பையை மாட்டிக்கொண்டு களத்துக்குக் கிளம்புமுன் அவர் என் மேசைக்கு வந்தார்.

"எந்தக் கட்டத்துல போட்டீங்க சார்?"

மழுப்பியிருக்கலாம். அவரிடம் முடியாது. "தவறுலதாம்மா."

தலையை ஆட்டினார். நான் அவசரமாக, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ரெண்டும் கலந்திருக்கலாம், மருந்து ஆரம்பிச்சுப் பாக்கலாம்னாங்க. ஸ்கேன் எடுக்கணுமாம்." பையின் வாரைச் சரிசெய்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் நான் எதிர்பார்த்த இடிந்துபோன தன்மை இல்லை. "பதிவை முழுசாக் கேட்டீங்களா சார்?"

"நான் எதையும் பாதியில விட்டதில்லம்மா," என்றேன் வீராப்பாக. அப்பட்டமான பொய்.

அவர் போனதும் ஹெட்போனை மாட்டினேன். இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி டாக்டரம்மா எழுந்து போகிறார். கதவு சாத்துகிற சத்தம். பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். பின் நாற்காலி நகர்கிறது. புடவை சரசரக்கிறது. கேள்வியம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்போது அந்த மனுஷன் கேட்டார். தெளிவாக, கொஞ்சம் குறும்போடுகூட.

"எத்தனை மார்க்?"

பழக்க தோஷத்தில் நான் விநாடிகளை எண்ணினேன். சொல்லக் கூடாதுங்க, ரூல் என்று வரும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தைத் தாண்டிவிட்டது. பதினொரு வருடமாக எனக்குத் தெரிந்த அந்தத் தட்டையான குரல் வரவே இல்லை. வந்தது வேறு ஒரு குரல், பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக.

"பத்துக்குப் பத்துங்க."

"குதிரைகிட்டதான் கொஞ்சம் தடுமாறிட்டேன்," என்றார் அவர்.

பதிவு முடிந்தது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: சோதனை அறையில் யாராவது மதிப்பெண்ணைச் சொன்னார்களா? பதினொரு வருடமாக நான் தேடிய தப்பு, கையும் களவுமாக என் காதில் விழுந்துவிட்டது. சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறையில் போட்டேன். பக்கத்து மேசையில் ஒரு நீலப் பேனாவை இரவல் வாங்கி, இல்லை என்று எழுதினேன்.