கற்பகத்து ஊட்டுக்காரர்

அடுத்தவன் வாழ்வைப் பார்த்து வயிறெரிகிறவன் ஊருக்கு ஊர் உண்டு. கட்டின பொண்டாட்டியைப் பார்த்து வயிறெரிகிறவனைக் காண வேண்டுமென்றால் கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்குத்தான் வர வேண்டும். சந்தைத் திடலைத் தாண்டி இரண்டாவது சந்து, மாடியில் நீலத் தகரம் போட்ட வீடு. பெயர் சந்துரு, வயது முப்பத்தெட்டு.

அவன் அப்பா சின்னையன் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசியே மகனைப் படிக்க வைத்தார். மகன் கோயமுத்தூரில் கல்யாண ஆல்பம் தயாரிக்கிற கடைக்கு வேலைக்குப் போனான். அங்கேயே வேலைக்கு வந்த, ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த கற்பகத்தைப் பார்த்தான். வீட்டோடு மல்லுக்கட்டிக் கட்டிக்கொண்டான். கொரோனாவில் கடையை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்த சந்துரு ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆன்லைனில் வேலை பிடித்தான். வெளிநாட்டில் பொருள் விற்கிறவர்கள் போட்டோ அனுப்புவார்கள். செருப்போ சோபாவோ, அதற்குப் பின்னால் இருக்கிற சுவரையும் தரையையும் வெட்டியெடுத்துவிட்டு, வெள்ளையில் நிறுத்தித் தர வேண்டும். வேலை முடிந்ததும் அவர்கள் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள். அது இறங்கினால் அடுத்த ஆள் எட்டிப் பார்க்க மாட்டான்.

கற்பகத்துக்கும் அதே வேலைக்குத் தனியாக ஒரு கணக்குத் திறந்து கொடுத்ததே இவன்தான். பாஸ்வேர்டாகக் கல்யாணத் தேதியை வைத்ததும் இவன்தான். தனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரம், அயர்லாந்தில் குதிரை விற்கும் ஒரு அம்மாளின் வேலையை அவளிடம் தள்ளிவிட்டான். காய்ச்சல் போயிற்று, அந்த அம்மாள் திரும்பி இவனிடம் வரவில்லை. மூன்று வருஷமாகக் கற்பகத்திடமே குதிரைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நிலவரம் இது: சந்துருவுக்கு நாலு புள்ளி ஆறு. கற்பகத்துக்கு முழுசாக ஐந்து. ஐம்பது பேர் போட்டும் ஒரு சின்னக் கீறல் இல்லை. வீட்டிலிருந்தே சம்பாதிக்கிற பெண் என்று குடும்பஸ்ரீ மகளிர் குழுக்காரர்கள் அவளைக் கூட்டிப்போய் மேடையேற்றினார்கள். மறுநாள் டீக்கடையில் பொங்கியண்ணன், "ஏனுங்க, கற்பகத்து ஊட்டுக்காரருங்களா? சக்கரை தூக்கலாப் போடட்டுங்களா?" என்று கேட்டார். முப்பது வருஷமாகச் சின்னையன் பையன் என்று கூப்பிட்ட வாய் அது. சந்துருவுக்கு அந்த டீ கசந்தது.

காலையில் எழுந்ததும் தன் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் பக்கத்தைத்தான் பார்ப்பான். ஐந்து இருக்கும். இன்றைக்காவது ஒன்று குறையாதா என்று நினைப்பான். நினைத்துவிட்டு, தூ, என்ன புத்தி இது என்று பல் துலக்கப் போவான். ஒருமுறை அவள் வேலையை அனுப்ப ஒரு மணி நேரமே இருந்தபோது வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, "லைன் போச்சு போலிருக்குது" என்றான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து போன் டேட்டாவில் அனுப்பிவிட்டு வந்தாள்.

போன மாதம் கற்பகத்தின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் ஏலப்பாறைக்குப் பஸ் ஏறின அன்றைக்கே அயர்லாந்து அம்மாளிடமிருந்து அவசர வேலை வந்தது. ஏலத்துக்கு வருகிற பதினான்கு குதிரைகள், மறுநாளுக்குள் வேண்டும். பஸ்ஸிலிருந்து கற்பகம் பேசினாள்.

"ஏங்க, அங்க மலையேறிட்டா எனக்கு டவர் கிடைக்காது. நீங்களே என் கணக்குல செஞ்சு அனுப்பிருங்க. ஒண்ணும் பெரிசாச் செய்ய வேணாம், பின்னாடி இருக்கிறத எடுத்துட்டு வெள்ளைய வச்சாப் போதும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான் சந்துரு. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்த 'ஒண்ணும் பெரிசா' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெரிசாச் செய்து காட்டுகிறேன் பார். அந்த அம்மாளே இதுவரை இப்படி ஒரு வேலை பார்த்ததில்லை என்று எழுத வேண்டும். அதை இவள் படிக்க வேண்டும்.

நாளெல்லாம் உட்கார்ந்தான். வால் மயிரை ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுத்தான். சோறு ஆறிப்போயிற்று. பதினோராவது படம் ஒரு செம்பழுப்புப் பெட்டைக் குதிரை, நேர்முகம். பார்த்ததும் கை நின்றது. நெற்றியில் மயிர் சுழித்து மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று சுழி. முக்கண்சுழி!

தரகர் மகனுக்குச் சுழி பார்க்கச் சொல்லியா தர வேண்டும்? வேலந்தாவளம் சந்தையில் முக்கண்சுழி மாட்டின் கயிற்றைக்கூட ஒருத்தன் தொட மாட்டான். வாங்கினவன் குடும்பம் விளங்காது என்பார்கள். பாவம், அந்த அம்மாள் இதை எவன் தலையில் கட்டுவாள்? சந்துரு பக்கத்து மயிரை எடுத்து, சுழியின் மேல் பூசி, நெற்றியை வழவழவென்று ஆக்கினான். ஆகாத சுழி இருந்த இன்னும் இரண்டு குதிரைகளுக்கும் அப்படியே செய்தான். கற்பகத்துக்கு இது தோன்றியிருக்குமா? தேயிலை பார்த்து வளர்ந்தவளுக்குச் சுழியைப் பற்றி என்ன தெரியும்! அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போனான். அன்றைக்குப் பொங்கியண்ணன் எப்படிக் கூப்பிட்டாலும் வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் கற்பகம் திரும்பினாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நட்சத்திரம் இரண்டு. கீழே அந்த அம்மாள் எழுதியிருந்தாள்: குதிரையின் சுழிகளைத்தான் நாங்கள் அதன் அடையாளப் பத்திரத்தில் குறித்து வைக்கிறோம். வாங்க வந்தவர் படத்தையும் குதிரையையும் பார்த்துவிட்டு, இது வேறு குதிரை, ஏமாற்றுகிறீர்கள் என்று போய்விட்டார். மூன்று வருஷத்தில் நீங்கள் குதிரையின் மேல் கை வைத்ததே இல்லையே, இப்போது என்ன ஆயிற்று?

ஐந்து இருந்த இடத்தில் நாலு புள்ளி ஒன்பது இருந்தது. ஒரு வருஷமாக அவன் தினமும் காலையில் தேடினது அதைத்தான். இப்போது கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

கற்பகம் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இத என்னத்துக்கு அழிச்சீங்க?"

"அது முக்கண்சுழி, கற்பகம். ஆகாது. எவனும் வாங்க மாட்டான்."

அவள் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தப்பு என்னுடையது, மூன்று படத்தையும் இப்போதே சரிசெய்து தருகிறேன் என்று அந்த அம்மாளுக்கு எழுதினாள். அவன் பெயர் அதில் இல்லை. உட்கார்ந்து, அவன் அழித்த சுழிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். அவன் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். அனுப்பி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு வைஃபைய அணைச்சீங்களே, இதுவும் அந்த மாதிரிதானா?"

 அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்ல கற்பகம். சத்தியமா இல்ல. நல்லா வரோணும்னுதான் செஞ்சேன்."

அது உண்மை. அவளை மிஞ்ச நினைத்தானே தவிர, கெடுக்க நினைக்கவில்லை. ஒரு வருஷத்தில் அவளுக்குக் கெடுதல் நினைக்காத நாள் அந்த ஒரு நாள்தான். ஆனால் வாயிலிருந்து வந்தபோது அது அவன் காதுக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"சரி" என்றாள் கற்பகம். கோபமாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். பின்னால் கீபோர்டில் விரல்கள் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. பாஸ்வேர்டில் இருந்த கல்யாணத் தேதியை மாற்றிக்கொண்டிருந்தாள். புதிதாக என்ன வைத்தாள் என்று அவன் கேட்கவில்லை.