அத்தானின் ஐநூறு வாட்

என் அத்தானுக்கு எதிலும் எண் பெரிதாக இருக்க வேண்டும். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீடு கட்டியபோது பக்கத்து வீட்டு வாசல்படிகளை எண்ணிப் பார்த்து, தன் வாசலை ஒரு படி கூட்டிக் கட்டினார். இப்போது அதில் ஏறி இறங்க அவருக்கே முட்டி வலிக்கிறது. வெளியே சொல்ல மாட்டார்.

அந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டவள் என் அக்கா. அவளுக்கு ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது. வலது காதை வைத்துத்தான் காலம் ஓட்டுகிறாள். "இருக்குற காதைப் பத்திரமா பாத்துக்கோங்க, பெரிய சத்தம் ஆகவே ஆகாது" என்று திருநெல்வேலி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அவள் முழுக்குப் போட்டாள். மத்தியானம் வேலை முடிந்தபின் மெல்லிசாக நாதஸ்வரம் கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

அதற்காகத்தான் நான் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். பழைய தியேட்டர் ரகம், முகத்தில் குழல் வைத்தது. பெட்டி பெரிசு, ஆனால் தீனி கொஞ்சம்தான். சாதாரண ஸ்பீக்கர் இருபது வாட் தின்றுவிட்டுப் போடும் சத்தத்தை இது ஒரு வாட்டில் போட்டுவிடும். சென்சிடிவிட்டி அதிகம் என்பது இதைத்தான். ஆகவே எட்டு வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேர்த்தேன். அதுவே தாராளம். நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். "பக்கத்துல உக்காந்து வாசிக்க மாதிரி இருக்குலே" என்றாள் அக்கா. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அத்தான் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அதன் முதுகைப் படித்தார். "எட்டு வாட்டா? எங்க வீட்டு டியூப்லைட்டே நாப்பது வாட்டுலா மாப்ள!"

இந்த மனுஷன் முப்பது வருஷம் எப்படித்தான் கேஸ் விசாரித்தாரோ. விளக்கிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் பக்கத்தில் கொடை வந்தால் மேளக்காரர் எப்படி வாசித்தார் என்று எவனும் கேட்பதில்லை. சவுண்டு செட் எத்தனை வாட் என்பதுதான் பேச்சு. மேலத்தெரு அம்மனுக்கு வைத்ததைவிடக் கீழத்தெரு அம்மனுக்குக் கூடுதலாக வைக்காவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாளாம். அந்தப் புத்தியைத்தான் அத்தான் ஹாலுக்குள் தூக்கி வந்தார்.

சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் களைகட்டியதும் அவரோடு வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார்கள். மேலகரத்தில் வீடு இருந்தால் சீசனுக்கு அது சத்திரம். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் பசியோடு வந்து, அக்கா ஆக்கியதை வழித்துத் தின்றுவிட்டு, ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுத் தூங்கும் கூட்டம். அவர்களிடம் எட்டு வாட்டைக் காட்ட அத்தானுக்கு வெட்கம். கொடைகளுக்கு செட் போடும் வடகரை ஆளிடம் ஐநூறு வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். நான் கொடுத்தது கட்டிலுக்கடியில் போனது.

போய் அதைப் போட்டுக் கேட்டேன். பாட்டுப் போடும் முன்பே 'உஸ்' என்று இரைச்சல். குமிழை நகத்தளவு திருகினாலே வீடு நிறைந்துவிட்டது. மீதிச் சுற்று முழுவதும் ஆபத்து.

"அத்தான், கை கொஞ்சம் தவறினா அக்கா காது போயிரும். பழசையே மாட்டுங்க."

"என்ன மாப்ள இதுக்குப் போய் பயப்படுத? கண்ட்ரோல் நம்ம கையிலதான இருக்கு."

கண்ட்ரோலாம். லத்தி பிடித்துப் பழகிய கை.

விருந்தாளிகள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பாட்டு அளவாக ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒரு தொப்பைக்காரர், "ஐநூறு வாட்டுன்னீரு, இவ்வளவுதான் கேக்குமாவே?" என்றார். அவ்வளவுதான், அத்தானின் மானம் போய்விட்டது. அக்கா பாயசத் தட்டோடு ஸ்பீக்கருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தாள். அவர் குமிழைப் பாதிவரை திருப்பினார்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு ஸ்பீக்கர் கிழிந்து கரகரத்தது. பாயசத் தட்டு விழுந்ததைக் கண்ணால்தான் பார்த்தோம். அக்கா வலது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பைக்காரர் கை தட்டினார். அந்தக் கையை முறிக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் கொய்ங்னு இருக்கும், சரியாயிரும்" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு, அத்தனை பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார். பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா எழுந்து சிந்திய பாயசத்தைத் துடைத்தாள். நான் எட்டு வாட்டை எடுத்துக் கிழியாத ஸ்பீக்கரில் மாட்டி, அவள் வழக்கமாகக் கேட்கும் நாதஸ்வரத்தை வழக்கமான அளவில் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது பக்கத்தை ஸ்பீக்கருக்குக் காட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆலாபனை முடிந்து தவில் சேர்ந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னலே சும்மா நிக்க? பாட்டப் போடு."